பி.எம்.எஸ். (கட்டட மேலாண்மை அமைப்பு) துறைக்குச் செல்ல விரும்பும் தங்கையை எங்கே, எப்படிப் படிக்க வைப்பது?

கேள்வி
எழுதியவர்: திருமங்கலம் ஏசி மெக்கானிக்

அனைவருக்கும் வணக்கம். நான் கே.புதூர் ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு, திருமங்கலத்தில் பதினொரு ஆண்டுகளாக ஏசி, ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் கடை நடத்தி வருகிறேன். என் தங்கை மதுரையில் ஒரு பாலிடெக்னிக் கல்லூரியில் மின்னியல் மின்னணுவியல் டிப்ளமோவை இந்த ஆண்டு நல்ல மதிப்பெண்ணோடு முடித்திருக்கிறாள். கடைசி ஆண்டில் அவர்களை ஒரு பெரிய கட்டடத்தின் ஏசி பிளான்ட்டைப் பார்க்க அழைத்துச் சென்றிருக்கிறார்கள். அங்கே ஒருவர் ஓர் அறையில் அமர்ந்தபடி, எந்த மாடியில் எந்த அறை எத்தனை டிகிரியில் இருக்கிறது, எந்தப் பம்ப் ஓடுகிறது, எந்த விளக்கு அணைந்திருக்கிறது என்று திரையிலேயே பார்த்து, அங்கிருந்தே எல்லாவற்றையும் இயக்கியதைக் கண்டு வந்த நாள் முதல், ‘அண்ணா, நான் பி.எம்.எஸ். வேலைக்குத்தான் போவேன்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி தெரியும். பெரிய கட்டடங்களுக்குக் குளிர்நீர் தரும் நூறு டன் சில்லரைப் பற்றி எதுவும் தெரியாது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. நகரத்தில் உள்ள ஒரு தனியார் பயிற்சி நிலையம் மூன்று மாதப் படிப்புக்கு 65,000 ரூபாய் கேட்கிறது. முடித்தவுடன் வேலை நிச்சயம் என்றும் சொல்கிறார்கள். இரண்டாவது, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ப்பது. மூன்றாவது, இப்போதே ஏதாவது ஒரு நிறுவனத்தில் வேலைக்கு அனுப்பிவிடுவது. அப்பா கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பணத்தைப் பார்த்துத்தான் செலவழிக்க வேண்டிய நிலைமை. பெண் பிள்ளை கட்டட வேலை நடக்கும் இடத்திற்கெல்லாம் போக வேண்டியிருக்குமே என்பது அம்மாவின் கவலை. இந்தத் துறையில் இருப்பவர்கள் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.


பதில் 1
எழுதியவர்: பிளான்ட் ரூம்

தம்பி, வணக்கம். மதுரையில் மருத்துவமனைகளின் ஏசி பிளான்ட்டுகளில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் தங்கை அந்தத் திரையைப் பார்த்துத்தான் இந்தத் துறையின் மேல் ஆசைப்பட்டிருக்கிறார். அதில் தவறில்லை, நானும் அப்படித்தான் வந்தேன். ஆனால் அந்தத் திரைக்குப் பின்னால் இருக்கும் காற்றையும் நீரையும் மின்சாரத்தையும் முதலில் படிக்காதவர்கள் இந்த வேலையில் எவ்வளவு தடுமாறுகிறார்கள் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு நிகழ்ச்சியை மட்டும் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, மே மாதத்தில் ஒரு நாள், நான் பணிபுரிந்த மருத்துவமனையில் ஓர் அறுவை அரங்கின் வெப்பநிலை 27 டிகிரியைத் தாண்டிவிட்டது. மறுநாள் காலை ஆறு மணிக்கு அறுவை சிகிச்சை இருந்தது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த இளைஞர் மென்பொருளை நன்றாகக் கற்றவர். திரையில், அந்த அரங்கிற்குக் குளிர்ந்த காற்றை அனுப்பும் ஏ.எச்.யு. இயந்திரத்தின் குளிர்நீர் வால்வு 100 சதவீதம் திறந்திருப்பதாகக் காட்டியது. வால்வு முழுவதும் திறந்தும் அறை குளிரவில்லை என்றால் வால்வுக்கு ஆணையிடும் கண்ட்ரோலரின் கணக்கில்தான் பிழை என்று முடிவு செய்து, அவர் அந்தக் கணக்கிற்கான பி.ஐ.டி. மதிப்புகளை இரண்டு மணி நேரம் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஏணியைப் போட்டு ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஏறினேன். வால்வுக்கு முன்னால் இருந்த குழாயைத் தொட்டால் விரல் சில்லிட்டது. இன்சுலேஷன் விலகிய இடத்தில் நீர் முத்து முத்தாக வேர்த்திருந்தது. வால்வைத் தாண்டி ஒரு சாண் தள்ளித் தொட்டால் குழாய் வெதுவெதுப்பாக இருந்தது. வால்வைத் திருப்பும் மோட்டாரான ஆக்சுவேட்டரின் முள் முழுவதும் திறந்த பக்கம் திரும்பி நின்றது. ஆனால் அதற்கும் வால்வின் தண்டுக்கும் இடையே உள்ள கிளாம்பின் திருகு தளர்ந்திருந்ததால், மோட்டார் மட்டும் சுற்றியதே தவிர வால்வு அசையவே இல்லை. தண்டைக் கையால் திருப்பி, ஆலன் கீயால் திருகை இறுக்கியதும் குழாய்க்குள் நீர் பாயும் ஓசை கேட்டது. அரை மணி நேரத்தில் அரங்கம் 22 டிகிரிக்கு வந்துவிட்டது.

திரையில் தெரிந்த 100 சதவீதம் என்பது கண்ட்ரோலர் அனுப்பிய ஆணை. வால்வு உண்மையில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைத் திருப்பிச் சொல்லும் ஃபீட்பேக் கம்பி அந்த வால்வில் இணைக்கப்படவே இல்லை. ஆணைக்கும் ஃபீட்பேக்கிற்கும் உள்ள இந்த வேறுபாட்டை உங்கள் தங்கை முதல் வாரத்திலேயே மனத்தில் பதிய வைத்துக்கொள்ளட்டும். அந்த இளைஞரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவருக்கு அதை யாரும் கற்றுத்தரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பயிற்சி நிலையத்திற்கு நேரில் போய், அங்கே உண்மையான ஏ.எச்.யு. ஒன்று, அல்லது குறைந்தபட்சம் நீர் ஓடும் குழாயில் பொருத்திய வால்வும் ஆக்சுவேட்டரும், கம்பி இணைக்கக்கூடிய டி.டி.சி. (நேரடி டிஜிட்டல் கட்டுப்பாடு) கண்ட்ரோலர் ஒன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெறும் கணினிகளும் புரொஜக்டரும் மட்டும் இருந்தால், 65,000 ரூபாயை அங்கே கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. வேலை நிச்சயம் என்ற வாக்குறுதியை எழுத்தில் தருவார்களா என்றும் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் தங்கைக்கு முதல் ஆசிரியர் நீங்கள்தான். நீங்கள் நாள்தோறும் சொல்லும் ‘டன்’ என்ற அளவு, ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பத்திலிருந்து வந்தது. கிலோவாட்டில் சொன்னால் 3.517. பெரிய கட்டடங்களில் சில்லரிலிருந்து நீர் பொதுவாக 7 டிகிரியில் புறப்பட்டு 12 டிகிரியில் திரும்பி வரும். வினாடிக்கு 10 லிட்டர் நீர் இப்படி 5 டிகிரி வெப்பத்தை ஏற்றுக்கொண்டு திரும்பினால், 10-ஐ 5-ஆலும் 4.19-ஆலும் பெருக்க, ஏறக்குறைய 210 கிலோவாட், அதாவது 60 டன் வரும். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர், திரையில் நீரின் வெப்பநிலையைப் பார்த்தவுடனேயே பிளான்ட் சரியாக வேலை செய்கிறதா என்று சொல்லிவிடுவார். கம்ப்ரஸர், கண்டென்சர், கேஸ் அழுத்தம் ஆகியவற்றை உங்கள் கடையிலேயே ஒரு மாதம் அவர் கையால் தொட்டுப் பழகட்டும். பழைய பொருள் கடைகளில் கழற்றிப் போட்ட, காற்றுக் குழாயின் வெப்பத்தை அளக்கும் டக்ட் சென்சார்கள் சில சமயம் கிடைக்கும். ஒன்று வாங்கிக் கொடுத்து, மல்டிமீட்டரில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.


பதில் 2
எழுதியவர்: கருவியியல் ஆசிரியர்

பாலிடெக்னிக் கல்லூரியில் கருவியியல் பாடம் நடத்துபவன் நான். மேலே பிளான்ட் ரூம் ஐயா எழுதியதை என் மாணவர்களுக்கு அப்படியே வாசித்துக் காட்டப் போகிறேன்.

நம் பக்கத்தில் கட்டடத் தானியக்கம் என்ற பெயரிலேயே பட்டப்படிப்பைத் தேடிக்கொண்டிருக்க வேண்டிய அவசியமில்லை. இந்தத் துறைக்கு மின்னியல், மின்னணுவியல், கருவியியல், இயந்திரவியல் ஆகிய நான்கு பிரிவுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு பகுதி பலமாகவும் மற்றொரு பகுதி பலவீனமாகவும் இருக்கும். உங்கள் தங்கை மின்னியல் படித்தவர் என்பதால் மோட்டார், ஸ்டார்ட்டர், மோட்டாரின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி., பேனல் வரைபடம் ஆகியவை அவருக்குப் புதிதாக இருக்காது. வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம் ஆகியவையே அவர் புதிதாகக் கற்க வேண்டியவை. குறிப்பாக, காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்துக் காட்டும் சைக்ரோமெட்ரிக் விளக்கப்படத்தை அவர் கரைத்துக் குடிக்க வேண்டும். சித்திரை வெயிலில் மதுரைக் காற்று வறண்டு சுடும். ஐப்பசி மழையில் அதே காற்று வெப்பம் குறைந்து ஈரம் சுமந்து வரும். இரண்டு காலத்திலும் அறைக்கு ஒரே வெப்பநிலையைத்தான் கேட்கிறோம், ஆனால் குளிர்விக்கும் சுருள் செய்ய வேண்டிய வேலை வேறாகிவிடுகிறது. கட்டடத்தின் வெப்பத்தை வெளிக்காற்றில் விடும் கூலிங் டவர் எவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்பதையும், ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது.

மூன்று வழிகள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான்காவதாக ஒன்று இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்படி, டிப்ளமோ முடித்தவர்கள் ஓராண்டுக்கு உதவித்தொகையோடு நிறுவனங்களில் பயிற்சி பெறலாம். தென் மாநிலங்களுக்கான பழகுநர் பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியில் இருக்கிறது; பதிவை இணையத்திலேயே செய்துகொள்ளலாம். செலவழித்துக் கற்பதற்கு முன்னால் சம்பாதித்துக்கொண்டே கற்க வழி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அந்த ஓராண்டில் இந்தத் துறை தனக்கு ஒத்துவருகிறதா என்பது அவருக்கே தெரிந்துவிடும், பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் சேருவதைப் பற்றி முடிவு செய்யலாம். பி.இ. தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. வடிவமைப்புப் பணிக்கும் பிற்காலப் பதவி உயர்வுக்கும் பட்டம் கைகொடுக்கும் என்பதால், வயதும் வாய்ப்பும் இருக்கும்போதே அதை முடித்துவிடுவது நல்லது.

பிணையப் பாடத்தில், கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழிகளாக இரண்டு பெயர்களை அவர் அடிக்கடி கேள்விப்படுவார். ஒன்று 1979இல் தொழிற்சாலைகளுக்காக வந்த மாட்பஸ். மற்றொன்று கட்டடங்களுக்கென்றே ஆஷ்ரே என்ற அமெரிக்க ஏசி பொறியாளர்கள் அமைப்பு உருவாக்கி 1995இல் வெளியிட்ட பேக்நெட். அதற்கு முன்னால் ஒரு நிறுவனத்தின் கண்ட்ரோலர் மற்றொரு நிறுவனத்தின் கண்ட்ரோலரோடு பேசாது. ஒருவரிடம் வாங்கினால் கட்டடம் இருக்கும் வரை அவரிடமே வாங்க வேண்டியிருந்தது. இந்தப் பின்னணியோடு படித்தால் பேக்நெட்டில் சென்சார், வால்வு என்று எல்லாவற்றையும் ஏன் எந்த நிறுவனத்தின் கண்ட்ரோலரும் படிக்கக்கூடிய ‘ஆப்ஜெக்ட்’ என்று பிரித்து வைத்திருக்கிறார்கள் என்பது எளிதாக விளங்கும். ஒரு நிறுவனத்தின் மென்பொருளுக்கான சான்றிதழ்ப் படிப்புகள் எல்லாம் இந்த அடிப்படைக்குப் பிறகு வரட்டும். என்.பி.டி.இ.எல். தளத்தில் கட்டுப்பாட்டுப் பொறியியல், குளிர்பதனம் பற்றிய ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் விரிவுரைகளை இலவசமாகவே கேட்கலாம்.

ஒன்றை மட்டும் ஆசிரியன் என்ற உரிமையில் சொல்லிக்கொள்கிறேன். மின் தெர்மோஸ்டாட்டுக்கு 1883இல் காப்புரிமை பெற்ற வாரன் ஜான்சன், அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டர் என்ற ஊரில் ஆசிரியராக இருந்தவர். வகுப்பறைகளின் வெப்பத்தைப் பார்க்கப் பணியாளர் அறை அறையாக வந்து போக வேண்டியிருந்ததுதான் அவரை அந்த வேலையில் இறக்கியது. நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்திற்கு உங்கள் தங்கை படிக்கப் போனால், புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் மேலே நிமிர்ந்து, குளிர்ந்த காற்று எங்கே இறங்குகிறது, எங்கே திரும்பப் போகிறது, வாசகர்கள் நிறைந்த பகுதிக்கும் ஆளில்லாத பகுதிக்கும் என்ன வேறுபாடு தெரிகிறது என்று பார்த்துக் குறித்து வரட்டும். என் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வீட்டுப்பாடம் அதுதான்.


பதில் 3
எழுதியவர்: மேலூர்ப் பொண்ணு

வணக்கம் அண்ணா. உங்கள் அம்மாவின் கவலைக்கு நான்தான் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. மேலூரில் பிறந்து, மதுரையில் டிப்ளமோ படித்து, ஒன்பது ஆண்டுகளாக பி.எம்.எஸ். கமிஷனிங், அதாவது பொருத்திய அமைப்பைச் சோதித்து இயக்கிவைக்கும் வேலையில் இருக்கிறேன். கோயம்புத்தூரிலும் பெங்களூருவிலும் பெரும்பகுதி வேலை பார்த்திருக்கிறேன்.

சைட்டுக்குப் போகாமல் இந்த வேலையைக் கற்க முடியாது. அதை மறைத்து எழுதினால் உங்கள் தங்கைக்கு நான் தீங்கு செய்தவளாவேன். கட்டடம் முடியும் கடைசி இரண்டு மாதங்களில்தான் எங்கள் வேலை சூடு பிடிக்கும்; சுண்ணாம்புத் தூசியும் பெயின்ட் வாடையும் அடங்கியிருக்காது, லிஃப்ட் ஓடாது, பெண்களுக்கென்று கழிவறை இல்லாத சைட்டுகளும் உண்டு. நேர்காணலில் கழிவறை, தங்குமிடம், இரவு வேலை, வீடு வரை வண்டி ஆகிய நான்கையும் வாய்விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அப்படிக் கேட்டதற்காக என்னை வேண்டாம் என்று சொன்ன இடம் ஒன்று இருந்தது. அங்கே போகாமல் போனதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. சைட் வேலை வேண்டாம் என்று பிற்பாடு தோன்றினால் மென்பொருள் அமைப்பது, கட்டுப்பாட்டுத் திரையில் தெரியும் படங்களை வரைவது, வடிவமைப்பு என்று அலுவலகப் பணிகளும் இருக்கின்றன. ஆனால் முதல் இரண்டு ஆண்டுகள் சைட்டில் கழித்தவர்களின் வரைபடத்திற்கு எப்போதும் தனி மதிப்பு உண்டு.

வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சிறிய காட்சி சொல்கிறேன். கண்ட்ரோலர்களை இணைக்கும் ஆர்.எஸ். 485 கம்பியை, நம் ஊரில் மல்லிகைச் சரம் தொடுப்பதைப் போல ஒன்றிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என்றுதான் கொண்டுபோக வேண்டும். கம்பி மிச்சம் என்று நடுவிலிருந்து கிளை பிரித்தால் சிக்னல் எதிரொலித்துக் கெட்டுவிடும். சரத்தின் இரண்டு நுனிகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போட வேண்டும். ஒருமுறை இருபத்தாறு கண்ட்ரோலர்களில் ஏழு மட்டும் விட்டு விட்டு மறைந்துகொண்டிருந்தன. மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டு கம்பிகளுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தேன். நுனிக்கு ஒன்றாக இரண்டு ரெசிஸ்டர்கள் இருந்தால் 60 ஓம் அளவில் காட்ட வேண்டும். ஒன்று விடுபட்டிருந்தால் 120 காட்டும். அங்கே 40 காட்டியது. நடுவில் எங்கோ ஒருவர் மூன்றாவது ரெசிஸ்டரைப் போட்டிருக்கிறார் என்று அப்போதே தெரிந்துவிட்டது. நான்காவது மாடிப் பேனலில் அதைக் கண்டுபிடித்துக் கழற்றியபோது எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியை, இந்த வேலையை விரும்புகிற ஒருவருக்குத்தான் சொல்லிப் புரிய வைக்க முடியும்.


கேள்வி கேட்டவரின் கணக்கிலிருந்து

வணக்கம். அண்ணனின் கணக்கிலிருந்து தங்கை எழுதுகிறேன். மூவருக்கும் என் நன்றி. பயிற்சி நிலையத்தை நேரில் போய்ப் பார்த்தோம். அங்கே கணினிகள் மட்டுமே இருந்தன. பழகுநர் பயிற்சிக்கு நேற்றுப் பதிவு செய்துவிட்டேன். மேலூர் அக்கா எழுதியதை அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். ‘கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுப் போ’ என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். அண்ணன் வாங்கி வந்த பழைய டக்ட் சென்சாரில் எழுத்துகள் அழிந்திருக்கின்றன. அறையில் வைத்து அளந்தபோது ஏறக்குறைய 8 கிலோ ஓம் காட்டியது; அப்போது அறையின் வெப்பம் 30 டிகிரி. கையில் இறுக்கிப் பிடித்தால் மதிப்பு குறைகிறது. கல்லூரியில் படித்த பி.டி. 100 சென்சாரில் வெப்பம் ஏறினால் மின்தடையும் ஏறும் என்றல்லவா இருந்தது? இது பழுதான சென்சாரா?


பதில் 4
எழுதியவர்: பிளான்ட் ரூம்

பழுதில்லை அம்மா. நீங்கள் படித்த பி.டி. 100, பிளாட்டினத்தால் ஆனது. 0 டிகிரியில் 100 ஓம், வெப்பம் ஏற ஏறச் சீராகக் கூடும். உங்கள் கையில் இருப்பது தெர்மிஸ்டர். வெப்பம் ஏறினால் இதன் மின்தடை இறங்கும், அதுவும் நேர்கோட்டில் இறங்காது. 30 டிகிரியில் 8 கிலோ ஓம் என்றால், 25 டிகிரியில் 10 கிலோ ஓம் உள்ள வகையாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர்களில் டைப் 2, டைப் 3 என்று இரண்டு வகைகள் பரவலாக உண்டு. இரண்டும் 25 டிகிரியில் ஒரே மதிப்பைக் காட்டுவதால், அறையில் வைத்து அளந்தால் எது எதுவென்று பிரித்தறிவது கடினம். கடையில் ஐஸ் வாங்கி, பொடித்து, ஒரு பிளாஸ்கில் போட்டுக் கொஞ்சம் நீர் ஊற்றிக் கலக்கி, சென்சாரின் முனையை அதற்குள் பத்து நிமிடம் வைத்துவிட்டு அளந்து பாருங்கள். கம்பி இணைப்பில் நீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உருகும் ஐஸ் 0 டிகிரியில் நிற்கும். அங்கே டைப் 2 சுமார் 32.6 கிலோ ஓமும், டைப் 3 சுமார் 29.5 கிலோ ஓமும் காட்டும்.

பொருத்தியிருப்பது டைப் 2 ஆக இருந்து கண்ட்ரோலரில் டைப் 3 என்று தேர்ந்தெடுத்துவிட்டால், 7 டிகிரிக் குளிர்நீரைத் திரை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி குறைத்துக் காட்டும். அறை வெப்பத்தில் சோதித்தவர்களுக்கு அந்தப் பிழை தெரியவே தெரியாது. அளந்த மதிப்பை இங்கே எழுதுங்கள்.


கேள்வி கேட்டவரின் கணக்கிலிருந்து

ஐயா, மூன்று முறை அளந்தேன். 32.4, 32.6, 32.5 கிலோ ஓம். சென்சாரின் மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, ‘டைப் 2’ என்று எழுதி வைத்துவிட்டேன்.